உப்புக் கணக்கு

புள்ளி விவரம் என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் எழுத்தாளர்களில் அதிகம். மனிதனை ஓர் எண்ணாக்கிவிட்டால் அவனுடைய கண்ணீர் எங்கே போகும் என்று கேட்பார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. மேடையில் சொன்னால் கைதட்டலும் கிடைக்கும். இதே கேள்வியைக் கீழத் தஞ்சையில் வயல் வரப்பில் நின்ற கூலியாளிடம் கேட்டிருந்தால் அவன் என்ன சொல்லியிருப்பான்? 1940-களில் அந்தப் பக்கத்து விவசாயத் தொழிலாளர்கள் எழுப்பிய கோரிக்கைகளில் ஒன்று, கூலி நெல்லை முத்திரை போட்ட மரக்காலால்தான் அளக்க வேண்டும் என்பது. வாங்குவதற்கு ஒரு மரக்கால், கொடுப்பதற்கு ஒரு மரக்கால் என்று இரண்டு வைத்திருந்த பெரிய வீடுகள் உண்டு. பகலெல்லாம் சேற்றில் நின்றுவிட்டு வந்தவன் நம்முடைய அனுதாபத்தை எதிர்பார்க்கவில்லை. குறையாத மரக்காலைத்தான் எதிர்பார்த்தான்.

ஆகவே, அளப்பது மனிதத் தன்மைக்கு விரோதம் என்ற பேச்சை நான் ஒப்புக்கொள்வதில்லை. அதே சமயம், ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று ஒருவர், "கணக்கு பொய் சொல்லாது" என்று ஆரம்பித்தால் என் கை தானாகவே சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறது. கணக்கு பொய் சொல்லாது, வாஸ்தவம். அதை எழுதுகிறவனுக்கு வாயும் வயிறும் இருக்கின்றனவே!

புள்ளியியல் மேதை சி. ஆர். ராவ் எழுதி வைத்திருக்கும் ஒரு சம்பவத்தை இங்கே சொல்லியாக வேண்டும். நடந்த இடம் டில்லி. ஆண்டு 1947. சுதந்திரம் வந்த சூட்டோடு நகரத்தில் மதக் கலவரம். உயிருக்குப் பயந்த முஸ்லிம்கள் பெருங்கூட்டமாகச் செங்கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தார்கள். ஒரு சிறு கூட்டம் ஹுமாயூன் சமாதியில் தங்கியது. அத்தனை பேருக்கும் சோறு போட வேண்டியது சர்க்காரின் பொறுப்பு. சர்க்கார் அதைக் காண்டிராக்டர்களிடம் ஒப்படைத்தது. உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது. இன்றைக்கு அரிசி இவ்வளவு, பருப்பு இவ்வளவு, உப்பு இவ்வளவு என்று காண்டிராக்டர் பில்லை நீட்டினால், மறு பேச்சில்லாமல் பணம் கொடுக்க வேண்டியதுதான். பில்லோ நாளுக்கு நாள் பூதமாகத் தெரிந்தது.

உள்ளே போய்த் தலைகளை எண்ணிவிட்டு வந்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். புள்ளியியல் நிபுணர்கள் பெரும்பான்மைச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். கோட்டைக்குள் போனால் அவர்களுடைய உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்ற நிலை. ஒருவரை ஒருவர் எண்ணிப் பார்க்கக்கூட நெருங்க முடியாத அளவுக்கு மனிதர்கள் பிரிந்து கிடந்தார்கள்.

நிபுணர்கள் கோட்டைக்கு வெளியிலேயே உட்கார்ந்து யோசித்தார்கள். கையில் இருந்தது அந்தப் பில் ஒன்றுதான். ஓர் ஆள் ஒரு நாளைக்குச் சராசரியாக எவ்வளவு அரிசி, பருப்பு, உப்புச் சாப்பிடுவான் என்பது முன்பே நடந்த ஆய்வுகளால் தெரியும். பில்லில் கண்ட அரிசியைத் தலைக்கு ஆகும் அரிசியால் வகுத்தால் ஆட்களின் எண்ணிக்கை வந்துவிடும். பருப்பை வகுத்தாலும் வர வேண்டும். உப்பை வகுத்தாலும் வர வேண்டும். மூன்றும் ஒன்றாக வர வேண்டியதுதானே நியாயம்? வரவில்லை. அரிசி சொன்ன ஜனத்தொகை மிகப் பெரிது. உப்புச் சொன்னது மிகச் சிறிது.

எதை நம்புவது? உப்பை நம்புங்கள் என்றார் ஜே. எம். சென்குப்தா என்ற நிபுணர். அரிசி விலை உயர்ந்த சரக்கு. ஒரு மூட்டையைக் கூட்டி எழுதினால் காண்டிராக்டருக்கு லாபம். உப்பு அந்நாளில் கொள்ளை மலிவு. அதில் பொய் எழுதி என்ன ஆகப் போகிறது? ஹுமாயூன் சமாதியில் இருந்த சிறு கூட்டத்தை வைத்து இந்த முறையைச் சோதித்தும் பார்த்தார்கள். கணக்கு ஏறக்குறையச் சரியாகவே வந்தது.

உப்புப் பெறாத விஷயம் என்று அலட்சியமாகச் சொல்கிறோமே, அந்த உப்புதான் அங்கே சத்தியம் பேசியது. இந்தச் சம்பவத்தில் உள்ள கணிதம் நாலாம் வகுப்புப் பையனுக்கும் தெரிந்த வகுத்தல்தான். என்னை வியக்க வைப்பது அதற்குப் பின்னால் இருக்கும் மனித ஞானம். ஆசை எங்கே இருக்குமோ அங்கே எண் வீங்கும். ஆசை எட்டிப் பார்க்காத மூலையில் அது தன் இயல்பில் கிடக்கும். கதை எழுதுகிறவன் பொறாமைப்பட வேண்டிய ஞானம் இது. அன்றிலிருந்து சர்க்காரோ கட்சியோ ஓர் எண்ணைக் கொண்டுவந்து என் முன் வைத்தால், இது அரிசியா, உப்பா என்று கேட்டுக்கொள்கிறேன்.

எண்ணுக்குப் பின்னால் ஆசை மட்டும் இருப்பதில்லை, அச்சமும் இருக்கும். 1976-ல் நெருக்கடி நிலை அமலில் இருந்தபோது, குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு இத்தனை பேரைக் கொண்டுவர வேண்டும் என்று மாகாணத்துக்கு மாகாணம், அதிகாரிக்கு அதிகாரி இலக்கு விதித்தார்கள். வட இந்தியாவில் பள்ளி ஆசிரியர்களுக்குக்கூட இலக்கு. ஆள் பிடித்து வராதவருக்குச் சம்பளம் நின்றது. 1976-77-ல் ஆபரேஷன் செய்யப்பட்டவர்கள் 80 லட்சத்துக்கும் மேல்; அதற்கு முந்திய ஆண்டைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. காகிதத்தில் பார்த்தால் மகத்தான வெற்றி! பின்னால் விசாரித்த ஷா கமிஷன் முன் வந்த புகார்களில், கல்யாணமே ஆகாதவர்களுக்கு ஆபரேஷன் செய்ததாக மட்டும் 548 இருந்தன. அந்த 80 லட்சம் என்ற எண்ணில் காண்டிராக்டர் பொய் எதுவும் இல்லை. ஒவ்வொன்றும் நிஜமான உடல். ஆனால் தேசம் என்ன நினைக்கிறது என்பதை அந்த எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முயன்றவர்கள், 1977 மார்ச்சில் தேர்தல் முடிவைப் பார்த்துத் திகைத்துப் போனார்கள்.

இதனால் எண்களைத் தூர எறிந்துவிடலாம் என்று யாராவது கிளம்பினால் அவர்களை நிறுத்தி வைத்து இன்னொன்றைக் காட்டுவேன். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில், ஆயிரம் பையன்களுக்கு இத்தனை பெண்கள் என்று ஜனத்தொகைக் கணக்கில் ஒரு பத்தி உண்டு. 1961-ல் இந்தியா முழுமைக்கும் அது 976. 1991-ல் 945. 2001-ல் 927. 2011-ல் 918. இயற்கையே பையன்களைச் சற்று அதிகமாகப் பிறக்க வைக்கிறது. ஆயிரத்துக்கு 950 பெண்கள் என்பதை அதன் கணக்கில் எழுதிவிடலாம். அதற்குக் கீழே இறங்கியது இயற்கையின் காரியமல்ல.

யோசித்துப் பாருங்கள். கணக்கெடுக்க வந்த ஆசிரியர் எந்த வீட்டு வாசலிலும் நின்று, "பெண் சிசுவை என்ன செய்தீர்கள்?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதவைச் சாத்தியிருப்பார்கள். எத்தனை குழந்தைகள், ஆணா, பெண்ணா என்று கேட்டார். அதில் மறைக்க ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. ஒவ்வொரு வீடும் உண்மையைச் சொல்லிற்று. கூட்டிப் பார்த்தபோது எந்த வீடும் சொல்லத் துணியாத உண்மை வெளியே வந்து நின்றது. 1992-ல் தமிழ்நாட்டில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்ததும், 1994-ல் கருவிலேயே ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்க மத்தியச் சட்டம் வந்ததும் இந்த வெளிச்சத்தில்தான்.

கண்ணீரைப் பற்றிக் கேட்ட என் எழுத்தாள நண்பர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். பிறந்து, வளர்ந்து, துன்பப்பட்டவளைப் பற்றி நாம் நாவல் எழுதலாம். பிறக்கவே விடப்படாதவளுக்குப் பெயர் இல்லை, முகம் இல்லை, நினைத்து அழ ஆள் இல்லை. அவளை நாம் வைத்து எழுத ஓர் அத்தியாயம்கூட இல்லை. அவள் இருந்திருக்க வேண்டியவள் என்பதற்கு உலகத்தில் உள்ள ஒரே சாட்சி, ஆயிரத்துக்குக் குறைந்துபோன அந்த எண்தான்.

இப்போது இன்னொரு பெரிய எண்ணிக்கை நம் முன் நிற்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நீங்கலாக, எல்லாச் சாதிகளையும் எண்ணி வெளியிட்ட கடைசி ஜனத்தொகைக் கணக்கு 1931-ல் நடந்தது. 2027-ல் நடக்கவிருக்கும் கணக்கில் மறுபடியும் சாதி எண்ணப்படும் என்று மத்திய சர்க்கார் 2025-ல் அறிவித்தது. எண்ணினால் தேசம் உடைந்துவிடும் என்கிறார்கள் சிலர். எண்ணாமல் இருந்த இத்தனை காலமும் அந்த அறியாமை யாருக்கு லாபமாக இருந்தது என்று நான் கேட்பேன். எண்ணத்தான் வேண்டும்.

ஆனால் சாதிக் கணக்கு அரிசி மூட்டை என்பதையும் மறந்துவிடக் கூடாது. 1901-ல் வெள்ளைக்கார அதிகாரி ரிஸ்லி சாதிகளை மேல் கீழ் என்று வரிசைப்படுத்த முயன்றார். அதன் பலன் 1911-ல் தெரிந்தது. எங்கள் சாதியை இன்ன பெயரால் எழுது, இன்னும் ஒரு படி மேலே வை என்று வங்காளத்தில் மட்டும் குவிந்த மனுக்களை அந்த மாகாணக் கணக்கு அதிகாரி நிறுத்துப் பார்த்து, ஒன்றரை மணங்கு என்று எழுதி வைத்தார். ஏறக்குறைய 55 கிலோ!

இந்த முறை ஒவ்வொரு சாதிச் சங்கமும் தன் தலையெண்ணிக்கையைத்தான் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும். நான் பார்க்க விரும்புவது வேறு ஒரு கட்டம். 2011 கணக்கெடுப்பின்போது வீடு வீடாகப் போனவர்கள் ஒரு சாதாரணக் கேள்வி கேட்டார்கள்: குடிதண்ணீர் வீட்டு வளாகத்துக்குள்ளேயே கிடைக்கிறதா, பக்கத்திலா, தொலைவிலா? குடத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பதில் பெருமையடித்துக்கொள்ள யாருக்கும் எதுவும் இல்லை. சாதிப் பத்தியை அந்தத் தண்ணீர்ப் பத்திக்குப் பக்கத்தில் வைத்து, 'தொலைவில்' என்று குறித்த வீடுகள் யாருடையவை என்று யாராவது அச்சிட்டுக் கொடுத்தால், அந்தப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கிப் படிப்பேன்.