வானொலியின் சாவி யாரிடம்?



பட்டிப்பொல புகையிரத நிலையம் கடல் மட்டத்திலிருந்து 6,226 அடி உயரத்தில் இருக்கிறது. இலங்கையின் புகையிரத நிலையங்களுள் மிக உயர்ந்தது இதுவே என்பதை நீங்கள் அறிவீர்கள். பனியும் குளிரும் நிறைந்த இந்த மேட்டு நிலத்துக்கும், இதைச் சூழ்ந்துள்ள தோட்டங்களுக்கும் எத்தனையோ வசதிகள் காலந்தாழ்த்தியே வந்து சேர்ந்தன. மின்சாரம் தாமதமாக வந்தது. நல்ல பாதை தாமதமாக வந்தது. ஆனால் வானொலி மாத்திரம் தாமதிக்கவில்லை. லயத்தில் யாராவது ஒருவர் பெட்டரி போட்ட ரேடியோப் பெட்டி ஒன்றை வாங்கி இஸ்தோப்பில் வைத்துவிட்டால் போதும், பக்கத்துக் காம்பராக்காரர்கள் அனைவருக்கும் அது பொதுச் சொத்தாகிவிடும்.

அந்தப் பெட்டியைச் செய்த கம்பனி எது என்று கொழும்பிலிருந்த ஒலிபரப்பு நிலையம் எவரிடமும் கேட்டதில்லை. எந்தக் கம்பனியின் பெட்டியாயினும், பழையதாயினும், புதியதாயினும் முள்ளைத் திருப்பினால் குரல் கேட்டது. இது மிகச் சாதாரணமான காரியம் என்று நினைத்து நாம் மறந்துவிட்டோம். இன்று அதை நினைத்துப் பார்க்க வேண்டிய வேளை வந்திருக்கிறது.

ஏன் தெரியுமா? பொது ஒலிபரப்பு இப்போது ஆகாயத்திலிருந்து இணையத்துக்குக் குடிபெயர்ந்து வருகிறது. 1941 இல் தொடங்கிய பி.பி.சி.யின் தமிழ் வானொலிச் சேவை 2017 ஏப்ரல் 30 ஆம் திகதியுடன் நிறுத்தப்பட்டு, இணையத்துக்கும் தொலைக்காட்சிக்கும் இடங்கொடுத்தது. மணிலாவிலிருந்து ஒலித்த வேரித்தாஸ் வானொலியும் 2018 ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் சிற்றலை ஒலிபரப்பை முடித்துக்கொண்டு இணையத்துக்குச் சென்றது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமும் இணையத்தின் வழியாகத் தன் சேவைகளைத் தருகிறது. காலமாற்றத்தை நாம் குறைகூற வேண்டியதில்லை. ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும். எல்லோருடைய பணத்தாலும் நடக்கும் ஒரு நிலையம், ஒரு தனியார் கம்பனி திறந்தால்தான் திறக்கும் கதவுக்குள் தன் குரலை வைப்பது நியாயமா?

இக்கேள்விக்கு விடை காணுமுன், கம்பனிகளின் பணம் வானொலிக்குள் வந்த வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

நம் நாட்டில் முறையான வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பரில் ஆரம்பமாயிற்று. 1950 இல் ரேடியோ சிலோனின் வர்த்தக சேவை தொடங்கியது. அவுஸ்திரேலியரான கிளிஃபர்ட் டொட் அதை வழிநடத்தினார். பற்பசைக்கும் சவர்க்காரத்துக்கும் விளம்பரம் செய்து, அந்தப் பணத்தில் நிகழ்ச்சிகளை நடத்தினார்கள். ஒலிபரப்பைக் கடைச்சரக்கு ஆக்குவதா என்று முகஞ் சுளித்தவர்களும் இருந்திருப்பார்கள். அதே காலத்தில் இந்தியாவின் ஒலிபரப்புத் துறை அமைச்சராயிருந்த பி. வி. கேஸ்கர், திரைப்படப் பாடல்கள் தரக்குறைவானவை என்று கருதி, அகில இந்திய வானொலியில் அவற்றுக்கு இடம் சுருக்கினார். விளைவு என்ன? பினாக்கா என்ற பற்பசையின் பெயரைத் தாங்கி, அமீன் சயானி தொகுத்து வழங்கிய இந்திப் பாடல் நிகழ்ச்சி 1952 முதல் ரேடியோ சிலோனில் ஒலித்தது. இந்தியா முழுவதும் அதற்குக் காது கொடுத்தது. தமிழில் எஸ். பி. மயில்வாகனனின் குரலைக் கேட்கத் தமிழ்நாட்டின் கிராமங்கள் காத்திருந்தன. கடைசியில் அகில இந்திய வானொலியே 1957 இல் விவித பாரதியைத் தொடங்கி, 1967 முதல் அதில் விளம்பரங்களையும் ஏற்றுக்கொண்டது.

ஆகவே, கம்பனிப் பணம் என்றாலே தீட்டு என்று சொல்வது சரியாகாது. விளம்பரப் பணம் இல்லாதிருந்தால் எத்தனையோ நல்ல குரல்கள் நமக்குக் கிட்டாமலே போயிருக்கும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பற்பசைக் கம்பனி பணம் கொடுத்தது உண்மை. அந்தப் பற்பசையை வாங்காதவன் பாட்டைக் கேட்கக் கூடாது என்று அது சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நடந்திராது. வேப்பங்குச்சியால் பல் துலக்கியவனுக்கும் அதே பாட்டு, அதே நேரத்தில், அதே தெளிவுடன் கேட்டது. விளம்பரதாரரின் பெயர் பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. கேட்பவன் அதைக் கேட்டுச் சிரித்தான், அல்லது மறந்தான். அவ்வளவே.

நம் மலையக மக்களுக்கு இது எத்துணை பெரிய காரியம்! 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இங்குள்ள இலட்சக்கணக்கானவர்களை நாடற்றவர் ஆக்கியது. 1964 இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்துக் கப்பலேற்றியது. அண்ணன் இங்கே, தம்பி நீலகிரியில் என்றாயிற்று. அந்நாட்களில் இலங்கை வானொலியின் பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சியைக் கடலின் இரு கரையிலும் இருந்து கேட்டார்கள். வாக்குச்சீட்டு இல்லாதவனுக்கும், கடவுச்சீட்டு இல்லாதவனுக்கும் வானொலி கேட்டது. நாடு அவனிடம் பத்திரம் கேட்டது. வானொலி அலை கேட்கவில்லை.

இனி இணையத்துக்கு வருவோம். இணையத்தில் ஒலியை அப்படியே அனுப்ப முடியாது. அதை எண்களாக்கி, சுருக்கி, ஒரு குறிப்பிட்ட முறையில் பொதி செய்து அனுப்புகிறார்கள். அந்தப் பொதியை அவிழ்க்கும் முறையை உங்கள் கைத்தொலைபேசியோ கணினியோ அறிந்திருந்தால்தான் உங்களுக்குக் கேட்கும். இப்படிப் பொதி செய்யும் முறைகள் பல. சில முறைகள் எல்லோருக்கும் பொதுவானவை. எவரும் கட்டணமின்றிக் கையாளலாம். வேறு சில ஒரு கம்பனிக்குச் சொந்தமானவை. அந்தக் கம்பனியின் மென்பொருள் இல்லாமல் அவற்றை அவிழ்ப்பது கடினம். அத்தகைய கம்பனிகள் ஒலிபரப்பாளருக்கு வேண்டிய கருவிகளை மலிவாகவோ இலவசமாகவோ கொடுத்துவிட்டு, கேட்பவர்கள் எல்லோரையும் தம் வாசலுக்கு வரச்செய்ய முடியும்.

இதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. பிரித்தானியாவில் தொலைக்காட்சி பார்க்கும் வீட்டார் கட்டும் உரிமப் பணத்தால் நடப்பது பி.பி.சி. 2007 ஜூலையில் அது நிகழ்ச்சிகளை இணையத்தில் தரவிறக்கிப் பார்க்கும் ‘ஐபிளேயர்’ என்ற சேவையைப் பொதுமக்களுக்குத் திறந்தது. ஆனால் மைக்ரோசொஃப்ட் கம்பனியின் விண்டோஸ் கணினி வைத்திருந்தவர்களால் மட்டுமே அதைப் பயன்படுத்த முடிந்தது. மற்றவர்களும் அதே உரிமப் பணத்தைக் கட்டியவர்களே! நிகழ்ச்சிகளின் உரிமையாளர்கள் பூட்டு வேண்டும் என்றார்கள், அப்பூட்டு அந்தக் கம்பனியிடம்தான் இருந்தது என்று பி.பி.சி. சமாதானம் கூறியது. மக்கள் மனுக்கொடுத்தார்கள். அவ்வாண்டு டிசம்பரில், மற்றக் கணினிகளிலும் பார்ப்பதற்கு ‘ஃபிளாஷ்’ என்ற முறை சேர்க்கப்பட்டது. ஃபிளாஷ் யாருடையது? அடோபி என்ற இன்னொரு கம்பனியுடையது. அக்கம்பனி 2020 டிசம்பர் 31 உடன் ஃபிளாஷுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. உலகெங்கும் அந்த ஒரு முறையில் மட்டும் சேமித்து வைத்தவர்களின் ஒலியும் ஒளியும் எளிதில் திறக்க வழியின்றி நின்றன.

இங்கேதான் வேறுபாட்டை நாம் உணர வேண்டும். நிகழ்ச்சிக்குப் பணம் கொடுப்பவன் நிகழ்ச்சியில் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகிறான். அவன் பேசுவது நம் காதில் விழுகிறது. அதை எடைபோட நம்மால் முடியும். ஒலி வரும் வழிக்குச் சொந்தக்காரனோ ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. யார் கேட்கலாம், யார் கேட்கக் கூடாது, எத்தனை நாள் கேட்கலாம் என்பதை அவன் மௌனமாகத் தீர்மானிக்கிறான். வெளியே நிறுத்தப்பட்டவனுக்குத் தான் நிறுத்தப்பட்டதே தெரியாது. ‘என் போன் பழசு’ என்று தன்னையே நொந்துகொள்வான்.

“பெரும்பாலானோரிடம் இருப்பதைத்தானே நிலையம் தெரிந்தெடுக்க முடியும்? ஒருசிலருக்காகச் செலவு செய்யலாமா?” என்று நீங்கள் கேட்கலாம். கடைக்காரன் அப்படிக் கணக்குப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் பொது நிறுவனம் ‘பொது’ என்ற பெயரைப் பெறுவதே அந்த ஒருசிலரால்தான். ஊரார் வரிப்பணத்தில் தோண்டிய கிணற்றில், குறிப்பிட்ட கடையின் வாளி வைத்திருப்பவர்தான் நீர் இறைக்கலாம் என்று எழுதி ஒட்டினால் நாம் ஒப்புக்கொள்வோமா?

பொதுவான முறை என்றதும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ணிவிடலாகாது. 2000 ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் வந்த ‘ஓக் வோர்பிஸ்’ முறை எவருக்கும் சொந்தமற்றது. பி.பி.சி.யும் அதைச் சோதித்துப் பார்த்தது. ஆயினும் அதை வாசிக்கும் கருவிகள் பலரிடம் இருக்கவில்லை. திறக்கத் தெரியாத திறந்த கதவால் யாருக்கு என்ன பயன்? ஆனால் இன்று அந்தச் சாக்கு குறைந்துவிட்டது. மிகப் பரவலான எம்பி3 முறையின் உரிமக் கட்டணம் 2017 ஏப்ரலில் முடிவுற்றது. 2012 இல் வெளியான ‘ஓப்பஸ்’ என்ற முறை தொடக்கம் முதலே கட்டணமற்றது.

இதில் ஏழையின் பணமும் அடங்கியிருக்கிறது. விநாடிக்கு 128 கிலோபிட் அளவில் வரும் ஒலியை ஒரு மணி நேரம் கேட்டால் ஏறத்தாழ 58 மெகாபைட் டேட்டா செலவாகும். பேச்சை மட்டும் தெளிவாகக் கேட்க ஓப்பஸ் முறையில் 32 கிலோபிட் போதும். மணிக்குச் சுமார் 14 மெகாபைட்தான். தினம் ஒரு மணி நேரம் கேட்டால், மாதமொன்றுக்கு முன்னதில் 1,700 மெகாபைட்டுக்கு மேல். பின்னதில் 450க்கும் குறைவு. அதே செய்தியைக் காணொளித் தளத்தில் படத்துடன் பார்த்தால் செலவு பன்மடங்கு. நாட்சம்பளத்தில் ரீலோட் போடும் கொழுந்து பறிக்கும் சகோதரிக்கு, நிலையத்தின் பொறியியலாளர் செய்யும் இந்தத் தெரிவு ஒரு நேரச் சாப்பாட்டுச் செலவாகவே வந்து விடியும்.

குறிப்பிட்ட ஒரு செயலிக்கு மட்டும் மலிவாக டேட்டா தருகிறோம் என்று தொலைபேசிக் கம்பனிகள் பொதிகளை விற்கின்றன. மலிவு நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் இந்தியாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், எதைப் பார்க்கிறோம் என்பதற்கேற்ப வெவ்வேறு கட்டணம் வாங்குவதை 2016 பெப்ரவரியில் தடைசெய்தது. எதைக் கேட்பது என்பதை ஏழையின் வறுமை தீர்மானித்துவிடக் கூடாது என்பதே அதில் நாம் காணும் நியாயம்.

வாசகரே, பொது ஒலிபரப்பு நிலையம் விளம்பரம் வாங்கட்டும். பெரிய கம்பனிகளின் தளங்களிலும் ஒலிக்கட்டும். ஆனால் அவற்றோடு கூட, எந்தக் கம்பனியின் தயவும் கணக்கும் இன்றி, பழைய போனிலும் குறைந்த டேட்டாவிலும் திறக்கும் ஒரு வழியையாவது அது எப்போதும் வைத்திருக்கக் கடமைப்பட்டிருக்கிறது. இணையம் எட்டாத மலைச்சரிவுகள் உள்ளவரை ஆகாய அலையையும் அது கைவிடலாகாது.

நமக்கும் கடமை உண்டு. திருப்பலியையும் பங்கு அறிவித்தலையும் ஒரே ஒரு தளத்தில் ஏற்றிவிட்டு, எல்லோருக்கும் அறிவித்துவிட்டோம் என்று நாமும் திருப்தியடைகிறோம் அல்லவா? அந்தத் தளத்தில் கணக்கில்லாத பாட்டிக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுப் பார்த்தோமா? அடுத்த முறை லயத்தில் யாராவது, “என் போனில் ரேடியோ வருவதில்லை” என்று சொன்னால், போனை மாற்றச் சொல்லாதீர்கள். நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். “எங்கள் பணத்தில் நடக்கும் வானொலியின் சாவி யாரிடம் இருக்கிறது?” என்று கேளுங்கள். பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு அவர்களுக்கு உண்டு.