பாராட்டுக்கும் கணக்கு உண்டு

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரின் கவிதைத் தொகுப்புக்கு நாம் அணிந்துரை எழுதிக் கொடுத்தோம். இரண்டு பக்கங்கள். ஏழையின் குரல் இந்நூலில் ஒலிக்கிறது என்று அதில் ஒரு தொடரும் இடம்பெற்றது. நூலை நாம் முழுதும் படிக்கவில்லை. முதல் பத்துப் பக்கங்களைப் படித்தோம். இடையிடையே சிலவற்றைப் பார்த்தோம். அச்சகத்தார் அவசரப்படுத்துகிறார் என்று நண்பர் சொன்னதும் எழுதி முடித்துவிட்டோம். அதற்கு முந்திய ஆண்டு நம் கட்டுரைத் தொகுப்புக்கு அவர் அணிந்துரை தந்திருந்தார். அவரும் அதை முழுதும் படிக்கவில்லை என்பது நமக்குத் தெரியும். நமக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

உத்திரமேரூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் சிறுவர்க்கு மறைக்கல்வி கற்பிக்கும் இளைஞர் ஒருவர், நம் அணிந்துரையை நம்பி அந்நூலை வாங்கியிருக்கிறார். அவருடைய பெற்றோர் வயற்கூலிகள். ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்றுகொண்டிருந்தபோது, நூலைக் கையில் பிடித்தபடி நம்மிடம் வந்தார். "ஐயா, நாற்பத்தோராம் பக்கத்தில் எங்கள் தெருவைப் பற்றி எழுதியிருக்கிறதே, அதையும் சேர்த்துத்தான் பாராட்டியிருக்கிறீர்களா?" என்று கேட்டார். குரலில் சினம் இல்லை. அந்தப் பக்கத்தை நாம் அப்போதுதான் முதன்முறையாகப் படித்தோம். அறுவடைக்கு வரும் மக்களின் பேச்சையும் உடையையும் எள்ளி நகையாடும் பன்னிரண்டு வரிகள் அதில் இருந்தன. நண்பர் வேடிக்கையாக எழுதியதாக எண்ணியிருக்கலாம். படிப்பவரின் உள்ளத்தில் அவை எப்படிப் பதியும் என்பது நம் முன்னே நின்ற முகத்தில் தெரிந்தது. நாம் ஏதோ சொல்லிச் சமாளித்தோம். அவர் வணக்கம் கூறிச் சென்றுவிட்டார்.

எழுதுவோரும் பேசுவோரும் பொதுப்பணி புரிவோரும் ஒருவரையொருவர் வெளிப்படையாகத் தாங்கிக்கொள்வதும், ஒருவர் பெயரை மற்றவர் ஊரறியச் செய்வதும் நல்லதா, தீயதா? அன்று முதல் இக்கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. வாசக அன்பர்களோடு சேர்ந்து சற்று எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

தன் வாயால் தன்னைச் சொல்லலாமா?

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பிறர் துணையின்றி எவர் பெயரும் ஊருக்குத் தெரிவதில்லை. தன்னைத் தானே புகழ்ந்துகொள்வதை நம் தமிழ் மரபு ஏற்றதே இல்லை. ஒருவன் எத்துணைக் கலைகளில் வல்லவனாக நூல் செய்தாலும் தற்புகழ்ச்சி அவனுக்குத் தகுதியாகாது என்பது நன்னூல் தந்த பவணந்தி முனிவரின் கருத்து. அப்படியானால் ஒரு நூலின் சிறப்பை யார் எடுத்துச் சொல்வது? ஆசிரியனின் ஆசிரியர் சொல்லலாம். அவனோடு ஒருங்கு கற்றவர் சொல்லலாம். அவனுடைய மாணவர் சொல்லலாம். தகுதி வாய்ந்த உரைகாரர் சொல்லலாம். இந்த நால்வரும் நூலாசிரியனுக்கு நெருக்கமானவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். உடன் பயின்ற தோழன் பாராட்டுவது குற்றம் என்று இலக்கணம் கருதவில்லை. அதை அவனுக்குரிய கடமையாகவே வைத்தது.

தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனாரும் தொல்காப்பியரும் ஒரே ஆசிரியரிடம் கற்றவர்கள் என்று மரபு கூறும். ஆயினும் அப்பாயிரம் தோழனை வாழ்த்துவதோடு நிற்கவில்லை. நூல் எந்த நிலத்துக்குரிய வழக்கை ஆராய்ந்தது, எந்த மன்னனின் அவையில் அரங்கேறியது, அதங்கோட்டாசான் அதை எவ்வாறு கேட்டுத் தெளிந்தார் என்பனவற்றையெல்லாம் சொல்கிறது. தோழனின் பாராட்டோடு சோதித்தவரின் பெயரும் சேர்ந்தே நிற்கிறது.

திருமறையிலும் இத்தகைய துணை உண்டு. மனமாற்றம் பெற்ற சவுல் எருசலேமுக்கு வந்தபோது சீடர்கள் அவரைக் கண்டு அஞ்சினர். நேற்றுவரை திருச்சபையைத் துன்புறுத்தியவரை யார்தான் நம்புவார்? அப்போது பர்னபா அவரைத் திருத்தூதர்களிடம் அழைத்துச் சென்று, வழியில் நிகழ்ந்ததையும் தமஸ்கு நகரில் அவர் துணிவோடு போதித்ததையும் விளக்கினார். தம் நற்பெயரை இன்னொருவருக்காகப் பணயம் வைத்தார். அன்று பர்னபா வாய் திறவாதிருந்தால் பவுலடியாரைத் திருச்சபை ஏற்றுக்கொள்ள இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்குமோ!

மாயூரத்தில் மூவர்

நம் கத்தோலிக்க மரபில் வந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையை (1826-1889) இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. முன்சீபாகப் பணியாற்றியவர், 1879-இல் பிரதாப முதலியார் சரித்திரத்தை வெளியிட்டவர். அவருக்கும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கும் (1815-1876) இருந்த நட்பைத் தமிழுலகம் அறியும். ஒருவர் கத்தோலிக்கர்; மற்றவர் சிவநெறிச் செல்வர். மகாவித்துவான் வேதநாயகரைப் பாட்டுடைத் தலைவராக்கிக் குளத்தூர்க் கோவை பாடினார். வேதநாயகரும் மகாவித்துவானின் புலமையைப் போற்றிச் செய்யுள்கள் இயற்றினார்.

இது ஒருவர் முதுகை ஒருவர் சொறிந்துகொண்ட கதைதானே என்று ஒருவர் கேட்கக்கூடும். வறிய புலவர் பதவியிலிருந்தவரைப் பாடியதில் நன்றியும் தேவையும் கலந்திருக்கும் என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் அதே மகாவித்துவானைப் பற்றி உ. வே. சாமிநாதையர் எழுதிவைத்துள்ள மற்றொரு செய்தியையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும். கோபாலகிருஷ்ண பாரதியார் தம் நந்தன் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப் பாயிரம் வேண்டி அவரிடம் வந்தார். அதில் இலக்கண வழுக்கள் மலிந்திருப்பதாக மகாவித்துவான் கருதினார். ஆகவே பாயிரம் தராமல் நாள் கடத்தினார். பாரதியார் சலிக்காமல் வந்துகொண்டேயிருந்தார். ஒருநாள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அவர் உள்ளமுருகிப் பாடியது உள்ளே இருந்த மகாவித்துவானின் செவியில் விழுந்தது. அந்தப் பத்தியும் உருக்கமும் அவர் நெஞ்சைக் கரைத்தன. அதன் பின்னரே அவர் பாயிரம் பாடிக் கொடுத்தார்.

முதலில் மறுத்ததும் பின்னர் தந்ததும் ஒரே மனச்சான்றிலிருந்து வந்தவை. நட்புக்காக இலக்கணத்தை விட்டுக்கொடுக்க அவர் உடன்படவில்லை. இலக்கணத்தின் பெயரால், தாம் உணர்ந்த மேன்மையை மறைக்கவும் அவர் உடன்படவில்லை. மறுக்கத் தெரிந்தவரின் வாயிலிருந்து வந்ததாலேயே அந்தப் பாயிரத்துக்கு மதிப்பு இருந்தது.

அதே பாரதியார் வேதநாயகரையும் பாடியிருக்கிறார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது வேதநாயகர் தம் பொருளைச் செலவிட்டு ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தார். அதைக் கண்ட பாரதியார் அவரைப் போற்றி ஒரு கீர்த்தனை இயற்றினார். மாயூரத்து மக்கள் கண்ணால் கண்ட செயலுக்கு அந்தப் பாட்டு சாட்சியாயிற்று.

சாட்சியும் முகமனும்

பாராட்டு ஒருவகைச் சாட்சியம் என்பதே நாம் சொல்ல விரும்புவது. சாட்சி சொல்பவர் நண்பராக இருக்கலாம், உறவினராகவும் இருக்கலாம். நேற்று நமக்காகச் சாட்சி சொன்னவருக்கு இன்று நாம் சாட்சி சொல்வதிலும் தவறில்லை. கண்டதைச் சொல்கிறோமா என்பது மட்டுமே கேள்வி. காணாததைக் கண்டதாகச் சொன்னால் அது பொய்ச்சான்று. எட்டாம் கட்டளை தடுப்பது அதைத்தான். 1992-ஆம் ஆண்டில் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் முகத்துதியை இக்கட்டளையின் கீழேயே பேசுகிறது. பிறர் செய்யும் தீமையில் அவர்களை உறுதிப்படுத்தும் முகத்துதி குற்றமாகும் என்றும், உதவி செய்யும் விருப்பமோ நட்போ இரட்டை நாவுக்கு நியாயம் ஆகாது என்றும் அது போதிக்கிறது.

நம் அணிந்துரையை இந்த அளவுகோலால் அளந்து பார்த்தோம். அதனால் ஏமாந்தவர் மூவர். முதலாமவர் அந்த இளைஞர். நம் சொல்லை நம்பித் தம் கூலிப்பணத்தைக் கொடுத்து, தம்மை இகழும் பக்கத்தை வாங்கிச் சென்றார். இரண்டாமவர் நண்பர், அச்சேறும் முன் அந்தப் பன்னிரண்டு வரிகளையும் நீக்கும்படி சொல்ல ஒருவர் இருந்தும், அவருக்கு அந்த உதவி கிட்டவில்லை. எல்லை மீறும்போது இடித்துரைப்பதே நட்பின் பணி என்று வள்ளுவர் வகுத்ததை மேடைதோறும் எடுத்துரைக்கும் நாம், கையெழுத்துப்படியின் முன் அதை மறந்தோம். மூன்றாமவர் நாமே. நேற்று நாம் மெய்யாகப் படித்து, மெய்யாக மகிழ்ந்து எழுதிய பாராட்டுகளையும் இனி அவர் ஐயத்தோடுதானே பார்ப்பார்?

யோவான் நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் ஒரு கேள்வி கேட்கிறார். ஒருவரிடமிருந்து ஒருவர் பெருமை தேடிக்கொண்டு, கடவுள் ஒருவரே தரும் பெருமையைத் தேடாதவர்களுக்கு நம்பிக்கை எப்படி வரும் என்பது அதன் பொருள். நெடுங்காலம் இதைப் பரிசேயருக்குரிய கேள்வியாகவே வாசித்துவந்தோம். நம் ஊர்த் திருவிழா மேடைகளில் ஐவர் ஐவருக்குப் பொன்னாடை போர்த்தி, அதே ஐவர் மறு ஆண்டும் போர்த்திக்கொள்ளும்போது, கீழே அமர்ந்திருக்கும் இறைமக்களின் முகங்களைப் பார்த்தால் இக்கேள்வி யாருக்குரியது என்பது விளங்கும். வட்டம் மூடிக்கொள்ளும்போது அதற்கு வெளியே இருப்பவரின் குரல் உள்ளே எட்டுவதில்லை. பர்னபாவோ வட்டத்துக்கு வெளியே நின்றவரின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்தார். பிற்காலத்தில் மாற்கை உடன் அழைத்துச் செல்வது குறித்து அவருக்கும் பவுலுக்கும் கடுமையான கருத்து வேறுபாடு எழுந்து, இருவரும் பிரிந்தனர் என்பதையும் திருத்தூதர் பணிகள் மறைக்கவில்லை. ஒருவரைப் பாராட்டிப் பரிந்துரைத்தது, அவரோடு மாறுபடும் உரிமையைப் பறித்துவிடவில்லை.

உத்திரமேரூர்ச் சுவர்

காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது உத்திரமேரூர். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளை நாம் பலமுறை பார்த்திருக்கிறோம். அந்த இளைஞர் கேட்ட கேள்விக்குப் பின் ஒருநாள் மீண்டும் அங்கே போய் நின்றோம்.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோரின் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. முதியவர் ஒருவர் குடத்தை எல்லாரும் காணும்படி தூக்கிப் பிடித்தார். உள்ளே இருப்பதை அறியாத சிறுவன் ஓலையை எடுத்தான். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்று, உரக்கப் படித்தான். விரல்களை விரிக்கச் சொன்னது ஏன் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் குடத்தில் பெயர் இடும் தகுதியை இழந்தார். அவரோடு அவருடைய தந்தை, மகன், மருமகன், சிற்றவை பேரவையின் மக்கள், அத்தை மாமன் மக்கள் என்று நீண்டதோர் உறவுப் பட்டியலும் தகுதியிழந்தது. உறவைக் குற்றமாக அவர்கள் கருதவில்லை. கணக்குக் காட்டாத ஒருவரோடு கொண்ட உறவையே ஐயத்துக்குரியதாகக் கருதினார்கள். நட்புக்கும் இது பொருந்தும் அன்றோ?

அதே சுவர் நம்மை வேறொரு வகையிலும் கூசச் செய்கிறது. கணக்கில் அத்துணைக் கண்டிப்பாக இருந்த அந்தச் சபை, வேதம் கற்ற, வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் உடைய அந்தணருக்கு மட்டுமே உரியது. ஏரிக்கரையில் மண் சுமந்தவர்கள், வயலில் நாற்று நட்டவர்கள் ஆகியோரின் பெயர்கள் அந்தக் குடத்தில் விழுந்ததில்லை. தங்களுக்குள் நேர்மையாக நடந்துகொள்ளும் ஒரு வட்டமும், வெளியே நிற்பவருக்கு அநீதி இழைக்கக்கூடும். நாமும் நண்பரும் ஒருவருக்கொருவர் நேர்மையாகவே இருந்திருந்தாலும், நாற்பத்தோராம் பக்கத்தை அந்தத் தெருவில் வாழும் ஒருவரின் கண்ணோடு படித்திருப்போமா? இதற்கு விடை சொல்ல நமக்குத் துணிவு வரவில்லை.

நாம் செய்ய வேண்டுவது

ஆகவே பாராட்டை நிறுத்திவிட வேண்டுமா? அது பிழையான முடிவு. நம் சிற்றூர்களில் எழுதும் இளைஞருக்கும், பாடும் பெண்களுக்கும், அமைதியாகப் பணிபுரியும் உபதேசியார்க்கும் கிடைக்க வேண்டிய பாராட்டில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைப்பதில்லை. அவர்களைப் பற்றி உரக்கச் சொல்ல வேண்டும். அதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இவர் என் நண்பர், இவர் என் நூலுக்கு முன்பு உரை எழுதியவர் என்று முதல் வரியிலேயே அறிவித்துவிட்டால், படிப்பவர் தாமே எடை போட்டுக்கொள்வார். முழுதும் படித்த பிறகு எழுதுவோம். குறையை அச்சுக்கு முன் தனிமையில் சொல்வோம். நிறையை அச்சில் அனைவரும் அறியச் சொல்வோம். மறுக்க வேண்டிய இடத்தில் அன்போடு மறுப்போம். ஆண்டில் ஒருமுறையேனும், திரும்ப நம்மைப் பாராட்ட வழியில்லாத ஒருவரைப் பாராட்டுவோம்.

நண்பரிடம் சென்று நடந்ததைச் சொன்னோம். நம் பிழையை முதலில் சொன்னோம். அவர் சில வாரங்கள் நம்மோடு பேசவில்லை. பின்னர் ஒருநாள் மாலை புதிய கையெழுத்துப்படியோடு வந்தார். "முழுதும் படியுங்கள். எழுதலாம் என்று தோன்றினால் எழுதுங்கள்" என்று மேசை மேல் வைத்துவிட்டுப் போனார். படித்துக்கொண்டிருக்கிறோம், ஓரங்களில் பென்சில் குறிகள் நிறையவே விழுகின்றன.

அந்த இளைஞருக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதினோம். அந்த நூலைப் பாராட்டியது தவறு, அதைப் படிக்காமலே பாராட்டினோம் என்று வெளிப்படையாக எழுதினோம். மறுமொழி இன்னும் வரவில்லை. வரவேண்டும் என்று எதிர்பார்க்கும் உரிமையும் நமக்கு இல்லை.