இயல்பாக நிற்றல்

மூவார் ஆறு கடலொடு கலக்குமிடத்தில் உள்ள தஞ்சோங் எமாஸ் பூங்காவில், நிச்சயதார்த்தப் படம் எடுக்க வந்த இருவரைச் சில நாட்களுக்கு முன் கண்டேன். “இயல்பாக நில்லுங்கள்” என்றார் படமெடுப்பவர். உடனே இருவரும் மரப்பாவைகளாயினர். கை கோக்கவும் சிரிக்கவும் மேன்மேலும் கட்டளைகள் பிறந்தன.

1839-இல் டாகேர் என்பாரின் படமுறை வெளியிடப்பட்டபொழுது, உருவம் தகட்டில் பதியப் பல நிமிடங்கள் சென்றன. பின்னர் எழுந்த படநிலையங்களில் தலை அசையாதிருக்க இரும்புத் தாங்கி வைத்தனர். இன்று நொடியின் சிறு கூறே போதும், தாங்கி ஒழிந்தது. கட்டளை ஒழிந்ததா? நம் பாட்டிமார் நாணித் தலைகுனியப் பணிக்கப்பட்டனர். பேத்தி மகிழ்ந்து சிரிக்கப் பணிக்கப்படுகிறாள். இதனையே முன்னேற்றம் என்போமாயின் நாம் ஏமாந்தவராவோம்.

படம் வேண்டாமென்பது என் கருத்தன்று. இந்நாட்டில் முஸ்லிம் அல்லாதார்க்குரிய 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம், இருவரும் தாமே மனமிசைந்தனர் என்று பதிவாளர் தெளிந்தாலன்றி மணம் நடத்தலாகாது என்கிறது. சட்டம் இசைவைக் கேட்கிறது. படமோ இசைவின் தோற்றத்தோடு நிறைவடைகிறது. அத்தோற்றத்தைக் கண்டு பெற்றோர் உள்ளம் குளிர்ந்து, உண்மையை வினவாது விடுதலே தீங்கு.

நிற்க. படமெடுப்பவர் தம் கருவியைச் சரிசெய்யக் குனிந்த வேளையில், அப்பெண் ஏதோ கூறினாள், அவன் மறுத்தான், அவள் விடாது வாதித்தாள், இருவரும் வாய்விட்டு நகைத்தனர். அஞ்சாது மாறுபடக்கூடிய இருவரிடையே இயல்பு தானே வரும். ஆதலின் பெற்றோர்களே, படத்திற்கு நாள் குறிக்குமுன், மணமக்கள் மனம்விட்டுப் பேச நாட்கள் அளியுங்கள்.