கற்பித்தலும் கைப்பொருளும்

கல்விக்கு விலை கூறலாமா என்னும் வினா பழையது. இன்று அதனை நம் இல்லங்களில் எழுப்புவோர் புலவரோ தத்துவ அறிஞரோ அல்லர். கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகளே. சென்ற ஆண்டு நுழைவுத் தேர்வில் வென்ற மாணவி, இவ்வாண்டு அதனை எழுதவிருக்கும் மாணவனுக்குப் பயிற்சி அளிக்கிறாள். தில்லியில் கரோல் பாக் ஆயினும் மயூர் விகார் ஆயினும் இது நாம் நாள்தோறும் காணும் காட்சி. மருத்துவம், பொறியியல் ஆகியவற்றோடு, 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்கும் பொது நுழைவுத் தேர்வு வந்துவிட்டது. "மணிக்கு எவ்வளவு கேட்பது?" என்று அம்மாணவி தயங்குகிறாள். அத்தயக்கத்தில் ஓர் அறவினா அடங்கியிருக்கிறது.

கல்வியை விற்பது நம் மரபன்று என்பார் உளர். உ.வே. சாமிநாதையரின் ஆசிரியரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) மாணாக்கரிடம் பொருள் பெறாமலே கற்பித்தார். ஆயின் அப்பெரும்புலவரைத் திருவாவடுதுறை ஆதீனம் ஆதரித்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. திண்ணைப் பள்ளி ஆசிரியருக்கும் ஊரார் நெல்லும் அரிசியும் அளித்தனர். எனவே, விலையின்றிக் கற்பித்தார் என்பதைச் செலவின்றிக் கற்பித்தார் என்று பொருள் கொள்ளுதல் பிழை. கற்பிப்பவரின் உணவை யாரோ ஒருவர் ஏற்றுக்கொண்டிருந்தனர். விடுதிக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் தானே வழி தேடும் மாணவிக்கு அத்தகைய ஆதரவு ஏது?

கிரேக்க நாட்டிலும் இவ்வினா எழுந்தது. புரோட்டகோரஸ் என்னும் ஆசிரியர், தாம் கேட்ட தொகையைத் தர மனமில்லாத மாணவனிடம், கோயிலுக்குச் சென்று, கற்றதன் மதிப்பு இவ்வளவு என்று ஆணையிட்டுக் கூறி, அதனையே தருமாறு சொல்வாராம். பிளேட்டோ இதனைக் குறித்துள்ளார். இவ்வழக்கத்தை எண்ணிப் பார்த்த அரிஸ்டாட்டில், பெறுபவன் மதிப்பிடுவது முறையே. ஆனால் பெற்ற பின்பு தோன்றும் மதிப்பையன்று, பெறுவதற்கு முன்பு அவன் கருதிய மதிப்பையே கொள்ளவேண்டும் என்றார். மனித மனத்தை நன்கறிந்த சொல் இது. தேர்வு முடிந்தபின், "பையன் தானாகவே படித்துக்கொண்டான்" என்று சொல்வது எளிது. அதே தந்தை, தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கையில், அச்சத்தால் எத்தொகையும் தர முன்வருவார். அச்சம் கூட்டிய விலையும் நியாயமன்று. மறதி குறைத்த விலையும் நியாயமன்று. ஆதலின் அமைதியான மனத்தோடு, தொடக்கத்திலேயே பேசி முடிவு செய்தல் நலம்.

பேசும்போது முதலில் நோக்கவேண்டியது மறைந்து நிற்கும் உழைப்பு. ஒரு மணி நேரம் கற்பிக்க, அரை மணி முன்தயாரிப்பு, கால் மணி விடைத்தாள் திருத்தம், முக்கால் மணி போக்குவரத்து என்று வைத்துக்கொள்வோம். ஆக மொத்தம் இரண்டரை மணி. மணிக்கு 300 ரூபாய் பெற்றாலும் அவள் ஈட்டுவது மணிக்கு 120 ரூபாயே. பயணச் செலவைக் கழித்தால் இன்னும் குறையும்.

அடுத்து, அவள் தரக்கூடியது எது, தர இயலாதது எது என்பதையும் எண்ணவேண்டும். பல்லாண்டு அனுபவம் வாய்ந்த ஆசிரியரின் ஆழம் அவளிடம் இராது. அவருக்குரிய தொகையை அவள் கேட்டல் தகாது. ஆயினும் மாணவன் எங்கே தடுக்கி விழுவான் என்பது அவளுக்குப் பசுமையாக நினைவிருக்கும். ஒவ்வொரு தவறான விடைக்கும் ஒரு மதிப்பெண் கழியும் மருத்துவ நுழைவுத் தேர்வில், எவ்வினாவை விட்டுவிடுவது என்னும் தெளிவு சிறிய உதவியன்று. ஆனால் இத்தனை மதிப்பெண் வாங்கித் தருவேன் என்று உறுதி கூறி விலையை உயர்த்துவது வஞ்சனை. மதிப்பெண் மாணவனுடையது, உழைப்பே அவளுடையது.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு வேறோர் இடர்ப்பாடும் உண்டு. "நம்ம வீட்டுப் பெண்தானே, நம்மவர்களிடமா கணக்குப் பார்ப்பாய்?" என்கிறோம். அயல்மொழி ஆசிரியருக்கு மாதப் பிறப்பன்றே கொடுத்துவிட்டு, "அக்கா" என்று நம் பிள்ளை அழைப்பவளுக்குக் காபியும் பலகாரமும் போதும் என எண்ணுகிறோம். அன்பு இது என்று நாம் கருதலாம். அவளோ உறவு முறிந்துவிடும் என்னும் அச்சத்தால் வாய் திறவாதிருக்கிறாள். ஒருவருடைய வாயைக் கட்டும் உறவு எப்படி அன்பாகும்? நம்மவர் என்பதற்காகவே நாம் முந்திக்கொண்டு தொகையைப் பேசவேண்டும்.

அவளுக்கும் ஒரு கடமை உண்டு. வாயிலில் கார் நிற்கிறதா என்று பார்த்து வீட்டுக்கு வீடு விலையை மாற்றாதிருத்தல் வேண்டும். அனைவர் முன்னிலையிலும் கூசாமல் சொல்லக்கூடிய தொகையே நேரிய தொகை. கொடுக்க வகையற்ற குடும்பத்துக்கு இலவசமாகக் கற்பிக்க விரும்பினால், அதனை வெளிப்படையாகச் சொல்லி, முழுமனத்தோடு கற்பிக்கட்டும். பாதி விலைக்குப் பாதி மனத்தோடு கற்பிப்பது கொடையும் அன்று, வாணிகமும் அன்று.

கற்பித்தலின் முழு மதிப்பைப் பொருளால் அளக்க முடியாது என்பது உண்மையே. ஆனால் அளக்க முடியாதது என்பதைக் கொடாமைக்குக் காரணமாக்கிக் கொள்ளலாகாது. அளக்கக்கூடிய உழைப்புக்கு உரியதைக் குறித்த நாளில் கொடுத்துவிடுவோம். அளக்க இயலாததற்கு வாழ்நாள் முழுதும் நன்றியோடிருப்போம்.