முட்டை திருடியோடு ஒரே கிளையில்

வால் காக்கை நல்ல பறவையா கெட்ட பறவையா என்று கேட்டால், யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பதில் வரும். பாலக்காட்டின் கிழக்கோரம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரருக்கு அது வேண்டிய பறவை. மரத்தை உள்ளிருந்து குடைந்து தின்னும் சிவப்புக் கூன்வண்டின் புழுக்களை அது பிடித்துத் தின்னும். அதே தோப்பில் கூடு கட்டியிருக்கும் சின்னானிடம் கேட்டால் முட்டை திருடி, குஞ்சு தின்னி என்றுதான் சொல்லும். காட்டில் மிளாவுக்கோ, உடம்பில் ஒட்டிய உண்ணியைப் பொறுக்கித் தரும் உபகாரி. மூன்று சாட்சியுமே பொய்யில்லை. காக்கைக் குடும்பத்துப் பறவை அல்லவா, பழம், பூந்தேன், பூச்சி, ஓணான், செத்த பிராணியின் இறைச்சி என்று எதையும் விடாது. மேல்நாட்டுக் கதைகளில் வரும் மேக்பைக்கு இது நம் பக்கத்துச் சொந்தம். அதே நீண்ட வால், அதே துருதுருப்பு, அதே கெட்ட பெயர். சமவெளியிலும் சின்னார் போன்ற வறண்ட காட்டிலும் காண்பது செம்பழுப்பு நிறத்தது. மலையாளிகள் ஓலேஞ்ஞாலி என்பார்கள். மழைக்காடு அடரும் இடத்தில் அது ஒதுங்கிக்கொள்ள, மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய வெண்வயிற்று வால் காக்கை அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. இவற்றைப் பற்றி எனக்குள்ள கேள்வி பறவைக்காரர்கள் கேட்பதிலிருந்து கொஞ்சம் விலகியது. நம் வீட்டைச் சூறையாடக்கூடியவர் என்று நன்றாகத் தெரிந்த ஒருவரோடு நாள்தோறும் கூடிச் சாப்பிடுவது எப்படி நடக்கிறது?

நெல்லியாம்பதி, பரம்பிக்குளம், தேக்கடிக் காடுகளில் பறவைகள் பல நேரம் ஊர்வலமாகத்தான் இரை தேடும். சிலம்பன்கள் புதரைக் கிளறிக்கொண்டு போகும். மேலே உச்சிக்கிளையில் மின்சிட்டுகள், நடுக்கிளையில் தீக்காக்கை, அடிமரத்தில் மரங்கொத்தி, இலைகளுக்குள் குளிர்காலத்துக்கு வந்து தங்கும் கதிர்குருவிகள். கூட்டத்தில் துடுப்பு வால் கரிச்சான் ஒன்று இருக்கும். அதை ஒட்டியே வெண்வயிற்று வால் காக்கையும் இருப்பதைப் பலரும் குறித்திருக்கிறார்கள். கூடுவதன் லாபம் எளிது. ஒரு ஜோடிக் கண்ணுக்குத் தப்புகிற வைரி இருபது ஜோடிக் கண்களுக்குத் தப்பாது. ஒன்று கலைத்துவிட்ட பூச்சியை இன்னொன்று பிடிக்கும். உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி ஹரி ஸ்ரீதர், கார்த்திக் சங்கர் உள்ளிட்டோர் 2009இல் வெளியிட்ட கட்டுரையும் இந்த இரண்டு காரணங்களையே முன்வைத்தது. இதில் கவனிக்க வேண்டியது, கூட்டத்தின் காவல்காரனும் யோக்கியன் இல்லை என்பதுதான். கரிச்சான் முதலில் எச்சரிக்கும்; சமயம் பார்த்து அடுத்தவர் அலகில் இருப்பதையும் பிடுங்கும். ஆப்பிரிக்காவின் களஹாரிப் பாலையில் இதன் உறவுக்காரக் கரிச்சானை டாம் ஃபிளவர் பல ஆண்டு பின்தொடர்ந்து படித்தார். பிற பறவைகளின் அபாயக் குரலைப் போலவே கத்தி அவற்றை விரட்டிவிட்டு, அவை போட்டுவிட்டு ஓடிய இரையை அது எடுத்துக்கொள்கிறது. அதன் உணவில் 23 விழுக்காடு பிறரிடம் திருடியது. ஏமாந்தவை ஏன் அதைவிட்டு விலகவில்லை? அது கத்துவதில் உண்மையும் நிறைய இருக்கிறது. பொய்யை நம்பினால் போவது ஒரு புழு. உண்மையை நம்பாவிட்டால் போவது உயிர்.

கூடு கட்டும் பருவம் வந்தால் காட்சி மாறும். நவம்பரில் வால் காக்கையின் பக்கத்துக் கிளையில் கவலையின்றிப் பழம் தின்ற அதே சின்னான், கூட்டில் முட்டை இருக்கும்போது அதைக் கண்டால் இறகு சிலிர்த்துக் கத்தும். அக்கம்பக்கத்துச் சிறு பறவைகளும் சேர்ந்துகொண்டு அதை அந்த இடத்தைவிட்டுத் துரத்தும். மாங்குயிலும் சின்னானும் இரட்டைவால் குருவி கூடு வைத்த மரத்திலேயே தங்கள் கூட்டையும் வைத்துக்கொள்வது உண்டு. தன் கூட்டருகே வருகிற காக்கையையும் வால் காக்கையையும் பருந்தையும்கூட அந்தக் குருவி விடாமல் கொத்தி விரட்டும். அந்தக் காவலின் நிழலில் இவையும் பிழைக்கும். பருவம் முடிந்து குஞ்சுகள் பறந்த பிறகு திரும்பவும் ஒரே அத்தி மரத்தில் பந்தி. சின்னான் பழையதை மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அடுத்த பருவத்திலும் கூடு வைத்தவுடன் முதல் நாளே அது கத்துகிறது. மன்னித்துவிட்டது என்பதும் பொருந்தாது. வால் காக்கை எப்படிப்பட்டது என்ற கேள்விக்கே அது போவதில்லை. எந்த மாதம், எந்த இடம், கூட்டுக்கு எத்தனை கிளை தள்ளி என்பதோடு அதன் கணக்கு முடிந்துவிடுகிறது. நம்முடைய பல உறவுகள் பாழாவது, இந்தச் சிறிய கணக்கைப் போடாமல் ஆள் எப்படிப்பட்டவர் என்ற பெரிய தீர்ப்பை முதலில் எழுதிவிடுவதால் என்பது என் எண்ணம். கடன் திருப்பித் தராத மைத்துனர் நோய்வாய்ப்பட்டவரை ஆஸ்பத்திரியில் ராப்பகலாகப் பார்த்துக்கொள்பவராக இருக்கலாம். அவரிடம் பணம் கொடுக்காமல் இருந்தால் போதும். கல்யாணத்துக்குக் கூப்பிடாமல் இருக்க வேண்டியதில்லை.

குடும்பத்துக்குப் பொருந்துவது ஊருக்குப் பொருந்துமா என்று கேட்பவர்களுக்கு இந்தத் தமிழ்நாடு – கேரள எல்லைப் பகுதியே பதில் சொல்லும். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைத் தகராறு முற்றியபோது குமுளியில் எல்லை அடைபட்டது. இரண்டு பக்கமும் தாக்குதல்கள் நடந்தன. கம்பம் பள்ளத்தாக்கின் காய்கறி லாரிகள் நின்றன. இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் தமிழ்க் கூலியாட்களின் ஜீப்புகளும் நின்றன. பிறகு லாரியும் ஜீப்பும் மறுபடி ஓடின. தகராறு தீர்ந்துவிட்டதாலா? இல்லை, அது நீதிமன்றத்தில் இருந்தது. தீர்ப்பு வந்த 2014க்குப் பிறகும் மனக்கசப்பு தீரவில்லை. ஆனாலும் ஏலக்காய் பறிக்க ஆள் வேண்டும், இடுக்கிக்குக் காய் வேண்டும், தேனிக்குக் கூலி வேண்டும். பாலக்காட்டுப் பக்கத்தில் இன்னும் தெளிவான உதாரணம் உண்டு. பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தாகி 1958 முதல் செல்லும் என்று ஏற்கப்பட்டது. அதன்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு வழியாகச் சித்தூர்ப் பக்கத்து வயல்களுக்கு வர வேண்டும். குறைவாக வந்தது, வேண்டாத நேரத்தில் வந்தது என்ற புகார் ஓய்வதே இல்லை. அந்தப் புகாரைத்தான் நான் சின்னானின் கத்தல் என்கிறேன். யாரும் யாரையும் நம்பிவிடவில்லை. ஆனாலும் வயல் விளைகிறது.

பறவையைக் காட்டி மனிதனுக்குப் பாடம் சொல்வது பழைய பஞ்சதந்திர வேலை, அறிவுக்கு உகந்ததல்ல என்று ஒருவர் சொல்லலாம். திருட்டு என்பதே நம் சொத்துரிமைச் சொல். வால் காக்கைக்கு முட்டை வெறும் முட்டை. ஒப்புக்கொள்கிறேன். நாம் பறவைமேல் ஏற்றும் குணம் எவ்வளவு ஆதாரமற்றது என்பதற்கு மேக்பையே சாட்சி. ரோசினியின் 1817ஆம் ஆண்டு இசைநாடகத்தில் மேக்பை வெள்ளிச் சாமானைத் திருட, பழி வேலைக்காரப் பெண் மீது விழுந்து அவள் தூக்குமேடை வரை போகிறாள். பிரிட்டனின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் 2014இல் சோதித்துப் பார்த்தபோது, மேக்பைகள் பளபளக்கும் பொருளைத் தேடி எடுக்கவில்லை. புதுப்பொருள் என்று பயந்து தயங்கத்தான் செய்தன. ஆனால் என் வாதம் பறவையின் நற்குணத்தையோ துர்க்குணத்தையோ நம்பி நிற்கவில்லை. குணமே இல்லாத இடத்திலும் கூட்டு வாழ்க்கை நடக்கிறது என்றால், அதற்கு நல்லெண்ணம் முன்நிபந்தனை இல்லை என்றாகிறது. அவ்வளவே எனக்கு வேண்டும். நம்பிக்கையே இல்லாத உறவு வறண்ட உறவு என்பதும் சரிதான். நண்பரிடமும் வாழ்க்கைத் துணையிடமும் மாதம் பார்த்துப் பழக முடியாது. ஆனால் ஒருவர் வாழ்வில் அப்படிப்பட்டவர்கள் நாலைந்து பேர். மீதி எல்லாரும் பக்கத்து வீடும் பங்காளியும் சக ஊழியரும் அடுத்த மாநிலமும். அந்த நாலைந்து பேருக்குரிய அளவுகோலை இவர்களுக்கும் வைத்தால் நாம் கூடி வாழ ஆளே மிஞ்சாது.

கனமான ஆட்சேபம் வேறு. இந்த ஏற்பாட்டில் விலை கொடுப்பது எப்போதும் சிறியதுதானே? முட்டை போவது சின்னானுக்கு. வால் காக்கைக்கு என்ன நஷ்டம்? இதைக் கடந்துபோக முடியாது, முடிந்தவரை அளந்து பார்க்கலாம். கூடு கொள்ளையடிக்கும் பறவையால் பாட்டுப் பறவைகள் அழிகின்றன என்று பிரிட்டனில் மேக்பை மீது நெடுங்காலக் குற்றச்சாட்டு உண்டு. காக்கைக் குடும்பத்தைப் பற்றிய 42 ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வந்த மதிப்பாய்வு, பார்த்த 326 நிகழ்வுகளில் 81 விழுக்காட்டில் மற்றப் பறவைகளுக்குக் கணக்கில் தெரியும் பாதிப்பு இல்லை என்றது. இழந்த கூட்டுக்கு மாற்றாக இன்னொரு கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கச் சிறு பறவைகளுக்கு முடிகிறது. இதை வைத்துத் திருடனுக்கு நற்சான்று தர மாட்டேன். 81 போக மீதி 19 இருக்கிறது; முட்டை இழந்த அந்த ஒரு தாய்க்கு விழுக்காட்டால் ஆறுதல் இல்லை. ஆனால் திருடனை ஒழித்தால் எல்லாம் சரியாகும் என்ற எண்ணத்துக்கும் ஆதாரம் போதவில்லை. வால் காக்கையைச் சுட்டு விரட்டிய தோப்பில் கூன்வண்டுப் புழுவைத் தின்ன ஒரு வாய் குறையும். முட்டையைத் தின்னப் பாம்பும் அணிலும் மிச்சம் இருக்கும்.

சின்னானின் கணக்கு பலிக்க ஒன்று வேண்டும்: ஒளிந்துகொள்ள அடர்த்தியான புதர். காட்டைத் துண்டாக்கித் தோட்டமும் சாலையும் போட்ட இடத்தில் கூட்டுக்கு மறைப்பு குறைகிறது. விளிம்பு வழியே கொள்ளைக்காரர்கள் நுழைகிறார்கள். மூணாறு மாதிரிச் சுற்றுலா ஊர்களில் நாம் கொட்டும் எச்சில் சோற்றைத் தின்ன வரும் காக்கைகள் அங்கேயே தங்கிப் பக்கத்துக் காட்டின் கூடுகளையும் துழாவலாம். அங்கே சின்னான் எவ்வளவு விழிப்பாக இருந்தாலும் போதாது; வால் காக்கையின் குணம் மாறியதால் வந்த வினையும் அல்ல அது. மனிதரிடத்திலும் இப்படித்தான். நம்ப முடியாதவரோடு அளவாகப் பழகலாம் என்று நான் சொல்வது, பழகாமல் எழுந்துபோக வழி இருப்பவருக்கு மட்டுமே செல்லும். கத்தினால் கேட்க ஆள் இல்லாத தோட்டக் கூலிக்கும், புகுந்த வீட்டில் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறைகூட இல்லாத பெண்ணுக்கும் இதை நான் உபதேசிக்க மாட்டேன். அவர்களுக்கு முதலில் வேண்டியது புதர்: எழுதப்பட்ட கூலி, தன் பெயரில் கொஞ்சம் பணம், கத்தினால் ஓடிவரும் நாலு பேர். சித்தூர் விவசாயி 7.25 என்று எண்ணைச் சொல்லிச் சண்டை போட முடிவது, அந்த எண் காகிதத்தில் இருப்பதாலும் மணக்கடவில் தண்ணீரை அளக்க ஒரு தடுப்பு நிற்பதாலும்தான்.