உருகப்போகிற பனி

கிரீன்லாந்தின் நூக் நகருக்கருகே, பனியாறுகளிலிருந்து உடைந்து கடலில் மிதக்கும் கட்டிகளை அள்ளி, துபாய் மதுக்கூடங்களுக்குக் கப்பலேற்றுகிறது, 2022இல் தொடங்கிய ‘ஆர்க்டிக் ஐஸ்’ நிறுவனம். எப்படியும் உருகப்போவதுதானே, எடுத்தால் என்ன பாவம் என்று என் மகன் கேட்கிறான். சாகக் கிடப்பவர் கழுத்துச் சங்கிலியையும் அப்படிச் சொல்லிக் கழற்றலாமே!

திருவல்லிக்கேணியில் நான் தினமும் கடந்துபோகும் ஐஸ் ஹவுஸ், மாசசூசெட்ஸ் ஏரி, குளங்களில் அறுத்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் அமெரிக்கப் பனிக்கட்டி வணிகர் ஃபிரெடெரிக் டியூடர் கட்டியது. அதுவும் ஆடம்பரம்தான். ஆனால் அந்தக் குளங்கள் அடுத்த குளிர்காலத்தில் மறுபடி உறைந்தன. கிரீன்லாந்துப் பனியோ பல்லாயிரம் ஆண்டு இறுகியது. நம் ஆயுளில் திரும்பாது.

கிரீன்லாந்துக்காரர்களுக்கு மீனைத் தவிர ஏற்றுமதி வருமானம் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். என் கோபம் வாங்குபவர்மேல். துபாயில் தண்ணீரை உறையவைக்க இயந்திரம் இல்லையா? அந்தப் பனியாறுகளை உருக்கும் புகையில் கப்பல் புகையும் உண்டே.