மணிமேகலையைக் காணோம்

நாவல் ஒன்று படமாக வந்தால் நம் ஊரில் முதலில் காதில் விழும் பேச்சு, "கதையைக் கெடுத்துட்டாங்க" என்பதுதான். கெடுப்பது என்ற சொல்லை வேறு எங்கெல்லாம் புழங்குகிறோம் என்று யோசித்தால் கொஞ்சம் உறுத்தும். பால் கெடும். பேர் கெடும். வன்புணர்வுக்கும் ஊர்ப்பேச்சில் இன்றுவரை அதே சொல்தான்: "அந்தப் புள்ளையக் கெடுத்துட்டான்." குற்றம் அவனுடையது, கறை அவளுடையது. மூலத்துக்கு விசுவாசம், மூலத்தின் புனிதம், தூய்மை என்று விமர்சகர்கள் எழுதுவதும் இதே வீட்டுப் பாத்திரங்கள்தான். புத்தகம் பத்தினி, படமெடுத்தவர் அவளைத் தொட்டவர், வாசகர் வாசலில் தடியோடு நிற்கும் காவல்காரர்.

'பொன்னியின் செல்வன்' திரைப்படம் 2022 செப்டம்பர் 30ஆம் தேதியும் 2023 ஏப்ரல் 28ஆம் தேதியும் இரண்டு பாகமாக வந்தபோது இந்தக் காவல்காரர்கள் எல்லா ஊரிலும் எழுந்து நின்றார்கள். கம்பம் பள்ளத்தாக்கிலும்தான். ஆனால் எங்கள் வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்த பெண்கள் சொன்ன குறை வேறு மாதிரி இருந்தது. "கெடுத்துட்டாங்க" என்று ஒருவரும் சொல்லவில்லை. "மணிமேகலையைக் காணோமே" என்றார்கள். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையில் உள்ள தூரத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். ஒரு கதைக்கு நாம் எதில் கடன்பட்டிருக்கிறோம்?

அந்தக் கதை எங்கள் வீட்டுக்கு வந்த விதத்தை முதலில் சொல்ல வேண்டும். கல்கி அதைத் தம் பத்திரிகையில் 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதினார். ஐந்து பாகம். பிறகும் அதே பத்திரிகையில் அது மறுபடி மறுபடி தொடராக வந்தது. அப்படி வந்த ஒரு சுற்றில் என் பெரியம்மா பக்கங்களைக் கிழித்து அடுக்கி, கோணி ஊசியால் தைத்து, கஞ்சிப் பசையில் அட்டை ஒட்டி வைத்தார். எட்டாவது வரை படித்தவர் அவர். திண்ணையில் புளி உடைத்துக்கொண்டிருக்கும் பெண்களுக்கு அதை வாசித்துக் காட்டுவார். கேட்டவர்களில் பாதிப்பேருக்குக் கையெழுத்துப் போட வராது. ஆனால் வந்தியத்தேவன் எந்த ஊரில் எந்தச் சுரங்கத்தில் இறங்கினான் என்று கேட்டால் பிசகாமல் சொல்வார்கள்.

பெரியம்மா எல்லாவற்றையும் வாசிக்கவில்லை. சிற்றரசர்கள் கூடிப் பேசும் இடம் வந்தால், "இது ராஜாங்க விசயம், நமக்கெதுக்கு" என்று நாலைந்து பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிடுவார். போர் வந்தால் ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுவார்: "சண்ட நடந்துச்சு, செயிச்சாங்க." படகு, பூங்குழலி, ஊமை ராணி மந்தாகினி, நந்தினியின் பல்லக்கு, மணிமேகலையின் கண்ணீர் இவற்றில் ஒரு வரி விடமாட்டார். ஆக, இந்த நாவலுக்கு எனக்குத் தெரிந்து முதலில் திரைக்கதை எழுதியவர் அவர். மணிரத்னமும் இளங்கோ குமரவேலும் எழுதிய திரைக்கதையில் படையும் கப்பலும் முடியுரிமையும் நின்றன. பெரியம்மாவின் திரைக்கதையில் அவை போய்விட்டிருந்தன. வெட்டுவது யாரும் செய்வதுதான். எதை வெட்டினால் கதை ஓடும் என்று நினைக்கிறார்கள் என்பதில்தான் அவரவர் முகம் தெரிகிறது.

கூடத்தில் அன்று உட்கார்ந்திருந்தவர்களில் ஏலத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் இருவர். விடியும் முன்பே ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேட்டுப் பக்கம் போய், இருட்டிய பிறகு இறங்குகிறவர்கள். பன்னீர் திராட்சைக் குலை வெட்டப் போகும் மதினி ஒருவர். கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகள். பெரியம்மா. இரண்டு பாகமும் சேர்ந்து ஐந்தரை மணி நேரம். ஒரே இரவில் யாராலும் முடியாது. நான்கு இரவுகள் ஆயின. நடுவில் தூங்கினார்கள், சோறு போட எழுந்து போனார்கள், விட்ட இடத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். கிட்டத்தட்ட தொடர்கதை வாசித்த மாதிரியேதான்.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் இந்தப் படத்தைப் பார்ப்பதில் ஒரு சங்கடம் உண்டு. இது பாண்டிய நாடு. தேனிக்கும் சின்னமனூருக்கும் நடுவே வீரபாண்டி என்றே ஊர் இருக்கிறது. கண்பார்வை இழந்த பாண்டிய மன்னன் மீண்டும் பார்வை பெற்ற இடம் என்று கோயில் கதை. (அவன்தான் ஆதித்த கரிகாலன் தலை வெட்டிய வீரபாண்டியனா என்பதெல்லாம் வேறு விவகாரம்.) சின்னமனூர்ச் செப்பேடுகளை வெளியிட்ட ராஜசிம்ம பாண்டியன், பராந்தகச் சோழனிடம் தோற்று, தன் முடியை இலங்கையில் விட்டுவிட்டுப் போனவன். நாவலில் பாண்டிய முடியைப் பற்றி அத்தனை பேச்சு வருவதன் வேர் அங்கே இருக்கிறது. ஆகவே ரவிதாசன் கூட்டம் திரையில் கறுப்பு முகத்தோடு வந்து பழிவாங்கப் புறப்பட்டதும், எங்கள் மதினி, "அவுக ராசாவக் கொன்னா அவுக சும்மாவா இருப்பாக?" என்று சர்வசாதாரணமாகச் சொன்னார். கல்கியும் மணிரத்னமும் எதிர்பார்த்த பார்வையாளர் அல்ல அவர்.

தெருவில், தேநீர்க் கடையில் ஆண்கள் பேசிய குறைகளும் காதில் விழுந்தன. கோட்டை சரியில்லை. பொய் மதுராந்தகன், மெய் மதுராந்தகன் என்ற முடிச்சையே விட்டுவிட்டார்கள். கரிகாலன் சாவை நாவல் மர்மமாக வைத்தது, படம் அந்த அறைக்குள்ளேயே கேமராவைக் கொண்டுபோய்விட்டது. எல்லாம் நியாயமான பேச்சுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சு முழுவதும் யார் அதிகம் படித்தவர் என்ற போட்டியாகவே போய் முடிந்தது. புத்தகத்தை ஐந்து முறை படித்தவர், மூன்று முறை படித்தவரை மடக்குகிறார். சொத்து விவகாரத்தில் பத்திரத்தை எடுத்துக் காட்டுவதுபோலப் பக்க எண்ணைக் காட்டுகிறார்கள்.

மணிமேகலை யார் என்று நாவல் படிக்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கடம்பூர்ச் சம்புவரையரின் மகள், கந்தமாறனின் தங்கை. அண்ணன் தன் நண்பன் வந்தியத்தேவனைப் பற்றிப் புகழ்ந்து பேசிப் பேசி அவள் மனத்தில் அவனை ஏற்றிவைக்கிறான். பிறகு அரச குடும்பத்துச் சம்பந்தம் கிடைக்கும்போல் தெரிந்ததும் அண்ணனும் அப்பனும் மனம் மாறுகிறார்கள். அவள் மாறவில்லை. வந்தியத்தேவன் மனமோ குந்தவையிடம் இருக்கிறது. கடம்பூர் மாளிகையில் கரிகாலன் இறந்து, பழி வந்தியத்தேவன்மேல் விழும்போது, "நான்தான் கொன்றேன்" என்று முன்வருகிறாள் இந்தப் பெண். நம்புவார் இல்லை. சித்தம் கலங்குகிறது. இத்தனை பெரிய நாவல், முடிசூட்டு விழா எல்லாம் முடிந்த பிறகு, இவள் வந்தியத்தேவன் மடியில் உயிர்விடும் அத்தியாயத்தோடுதான் நிறைவடைகிறது. அத்தியாயத்துக்குப் பெயர் 'மலர் உதிர்ந்தது'.

படத்தில் கடம்பூர் மாளிகை வந்தது. சம்புவரையர் வந்தார். அவருக்கு மகள் இல்லை.

இதற்குச் சொல்லப்படும் முதல் சமாதானம், நேரமில்லை என்பது. ஐந்து பாகத்தை ஐந்தரை மணி நேரத்தில் அடக்கினால் யாராவது வெளியே போகத்தான் வேண்டும். 1958இலேயே எம்.ஜி.ஆர். அறிவித்து எடுக்க முடியாமல் போன கதை இது, எடுத்ததே பெரிது. சரி. "எதத்தான் வெட்டச் சொல்றீங்க?" என்று பெரியம்மாவிடம் கேட்டேன். "குதிர ஓடுறத வெட்டு. எத்தன தடவ ஓடுது" என்றார்.

இரண்டாவது சமாதானம், அவள் சரித்திரத்தில் இல்லாதவள். இதுதான் என்னை நின்று யோசிக்கவைத்தது. ஆமாம், குந்தவை கல்வெட்டில் இருக்கிறாள், செம்பியன் மாதேவி இருக்கிறாள். விளக்குக்கும் கோயிலுக்கும் பொன் கொடுத்த அரசகுலப் பெண்கள் கல்லில் நிற்கிறார்கள். கரிகாலன் கொலையைப் பற்றிய உடையார்குடிக் கல்வெட்டிலும் பெண்கள் உண்டு: கொலையாளிகளின் உறவினர் யார் யாருடைய சொத்தைப் பறிமுதல் செய்வது என்ற பட்டியலில், அண்ணன் தம்பி, மக்கள், மாமன்மாரோடு பெண்டாட்டிமாரும் வருகிறார்கள். கொடுத்தால் ஓரிடம், தண்டிக்கப்பட்டால் ஓரிடம். மற்றபடி பத்தாம் நூற்றாண்டில் ஒரு சிற்றரசன் மகள் யாரை விரும்பினாள், ஓடக்காரி எந்தத் திசையில் துடுப்புப் போட்டாள் என்று எந்தக் கல்லும் சொல்லாது. நந்தினி, மந்தாகினி, பூங்குழலி, மணிமேகலை நால்வரும் கல்கியின் கற்பனை. கற்பனையாக மட்டுமே அந்தப் பெண்களால் உள்ளே வர முடிந்தது. அந்த வாசலையும், சான்று இல்லை என்று சொல்லி அடைத்தால் மிச்சம் இருப்பது யார்?

மூன்றாவது பேச்சு என் அண்ணன் மகளுடையது. அதுதான் கூர்மையானது. "நல்லதுதான் அத்தை, அவள எடுத்தது. தன்ன விரும்பாத ஒருத்தனுக்காகக் கொலப்பழிய ஏத்துக்கிட்டு, பைத்தியமாகி, அவன் மடியிலயே சாகுற பொண்ணு. இத எதுக்கு இன்னொரு தடவ காட்டணும்? நந்தினி போதும்." ஐந்தாம் பாகத்துக்குத் தியாகச் சிகரம் என்றே பெயர் என்பதையும் அவள் எனக்கு நினைவூட்டினாள். யோசித்துப் பார்த்தால், இந்த வகைத் தியாகத்தை நாங்களே எத்தனை கட்டுரையில் கிழித்திருக்கிறோம்.

அவள் சொல்வதை நான் முழுசாக ஏற்கவில்லை. ஏன் என்று சொல்ல வேறொரு தொலைக்காட்சிக் கதைக்குப் போக வேண்டியிருக்கிறது. தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் 'ராமாயண்' 1987இல் தொடங்கி 1988இல் பட்டாபிஷேகத்தோடு முடிந்தது. அப்போது பஞ்சாபின் ஜலந்தரில் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வால்மீகியைத் தங்கள் முன்னோராகக் கொண்டாடும் மக்கள் அவர்கள். வால்மீகியின் ஆசிரமத்தில் லவனும் குசனும் வளரும் பகுதி இல்லாமல் கதையை எப்படி முடிக்கலாம் என்பது அவர்கள் கேள்வி. வேறு ஊர்களுக்கும் போராட்டம் பரவியது, தொடர் நீண்டது. அவர்கள் கேட்டது தங்கள் குலமுதல்வனை. கூடவே வந்தவள் காட்டுக்கு அனுப்பப்பட்ட சீதை. பட்டாபிஷேகத்தில் நிறுத்திக்கொண்டிருந்தால் நாடு முழுவதும் ஒரு மங்கலமான முடிவைப் பார்த்துவிட்டு எழுந்து போயிருக்கும். அந்தத் தொழிலாளர்கள் "கதையைக் கெடுத்துவிட்டீர்கள்" என்று கேட்கவில்லை. "எங்கள் ஆள் எங்கே?" என்று கேட்டார்கள்.

மணிமேகலையைத் தேடியதும் அந்த வகைக் கேள்விதான் என்று படுகிறது. அவளைப்போல வாழ வேண்டும் என்று எங்கள் கூடத்தில் யாரும் ஆசைப்படவில்லை. ஏலத் தோட்டத்துக்குப் போகும் அக்கா ஒருவர் சொன்னது இது: "அவ செத்ததுக்கு ஒரு அத்தியாயம் முழுக்க அழுதாகல்ல, அதுக்காகத்தான்." வீட்டில் வாக்குக் கொடுத்து, பிறகு வசதியான இடம் வந்ததும் மாற்றிப் பேசும் அண்ணன்மாரை அவர்களுக்குத் தெரியும். சொன்னால் நம்பப்படாத வாக்குமூலமும் தெரியும். அப்படிப்பட்ட ஒருத்தியின் சாவுக்காக, மன்னர் கதை ஒன்று கடைசிப் பக்கத்தில் நின்று தலை குனிகிறது. தியாகத்தைப் போற்றுவது வேறு, அதன் விலையைக் கணக்கில் எழுதிவைப்பது வேறு. கல்கி இரண்டையும் சேர்த்தே செய்தார். முதலாவதைக் கழித்துவிட்டு இரண்டாவதை நாம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அவளையே கழித்துவிட்டால் கணக்குப் பார்க்க எதுவும் இல்லை. வந்தியத்தேவன் சுத்தமான கையோடு குந்தவையிடம் போகிறான். அவனுடைய சாகசத்தில் ஒரு பெண் நொறுங்கினாள் என்பது நடக்கவே இல்லை.

நந்தினியைப் பொறுத்தவரை எனக்குப் படத்தின்மேல் குறையில்லை. இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் சிறுமி நந்தினியையும் சிறுவன் கரிகாலனையும் காட்டியது, நாவலில் பேச்சாகச் சிதறிக் கிடந்ததை ஒரே காட்சியாகத் திரட்டிவிட்டது. அவளைச் சூனியக்காரி என்று சொல்லிவந்த எங்கள் மதினி அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டார். அங்கேயும் நாவல் அப்படியே இல்லை. யாரும் அவளைக் கெடுத்துவிட்டதாகச் சொல்லவுமில்லை.

முடிவு பிடிக்கவில்லை என்று சண்டைபோடுவது இந்தக் கதைக்குப் புதிதும் அல்ல. 1954இல் நாவல் முடிந்தபோதே, இன்னார் என்ன ஆனார், இன்னாருக்கு என்ன நேர்ந்தது என்ற வாசகர்களின் கேள்விகளுக்குக் கல்கி முடிவுரை எழுதி விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

அண்ணன் மகளுக்கும் பெரியம்மாவுக்கும் வாதம் இன்னும் ஓயவில்லை. தான் படம் எடுத்தால் மணிமேகலையைச் சேர்ப்பேன், ஆனால் சாகவிடமாட்டேன், சித்தம் தெளிந்து கடம்பூரை அவளே ஆள்வாள் என்கிறாள் இவள். சாகவில்லையென்றால் அது மணிமேகலையே இல்லை என்கிறார் அவர். "அப்ப நீங்க மட்டும் ராஜாங்கத்தையெல்லாம் விட்டுட்டு வாசிச்சீங்களே பாட்டி, அது என்னவாம்?" என்று கேட்டாள். பெரியம்மா தைத்த புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, "நான் ஆளுகள விடலயேடி" என்றார்.